எட்வேர்டின் கம்பி கழற்றும் காட்சியை வெட்டிவிடாதீர்கள்: திருகோணமலை முன்பள்ளி ஆசிரியைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியைகளுக்கு,

கலைவிழாக் காலம் வந்துவிட்டது. ஆமையும் முயலும் ஆடி அலுத்த மேடைகளில் இப்போது தொலைக்காட்சியில் வரும் பேசும் என்ஜின்களான தொமஸ் கோச்சியும் கூட்டாளிகளும் ஏறுகிறார்கள். நல்லதுதான். கந்தளாய், தம்பலகாமம், சீனன்குடா என்று நிறுத்தங்களை வரிசை தப்பாமல் சொல்லுகிற பிள்ளைகள் உங்கள் வகுப்புகளில் இருப்பார்கள்; அவர்களுக்குக் கோச்சி புதிதல்ல. என்ஜினும் தண்டவாளமும் தெரிந்தவர்கள் என்ற உரிமையில் ஒன்றைக் கேட்கிறோம். நீலநிற எட்வேர்டின் கதையை எடுத்தால், கம்பி கழற்றும் காட்சியை நேரம் போதாதென்று வெட்டிவிடாதீர்கள்.

தொமஸ் தொலைக்காட்சி நிகழ்ச்சியின், 1986இல் வந்த இரண்டாம் தொடரில் அந்த அத்தியாயம் இருக்கிறது. மூலக்கதை வில்பேர்ட் ஓட்றி எழுதி 1966இல் வெளிவந்த புத்தகத்தில் உள்ளது. எட்வேர்ட் பழைய என்ஜின். மூச்சு வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்து ஹென்றி, ஜேம்ஸ், கோர்டன் என்ற மூன்று என்ஜின்களும் நக்கல் அடிக்கின்றன. வேலையை விட்டுவிட்டுக் காட்சிப்பொருளாய் நிற்கலாமே என்பது கோர்டனின் பேச்சு. டக்கும் போகோவும் மட்டும் எட்வேர்டின் பக்கம். பிறகு, சுற்றுலா வந்தவர்களை ஏற்றிக்கொண்டு மழையில் ஏற்றம் ஏறும்போது சக்கரம் வழுக்கி, படாரென்று ஒரு சத்தம். கிராங்க் பின் என்ற முளை முறிந்து, சக்கரங்களை இணைக்கும் சைட் றொட் என்ற கம்பி வளைந்துவிடுகிறது. சாரதியும் ஃபயர்மனும் இறங்கிக் கம்பிகளைக் கழற்றுகிறார்கள், கார்ட் பெட்டிகளின் கொக்கிகளைத் தளர்த்துகிறார், எட்வேர்ட் பெட்டி பெட்டியாக இழுத்துப் புறப்படுகிறது. நேரம் பிந்தித்தான் வந்து சேர்கிறது. ஆனால் வந்து சேர்கிறது.

மேடையில் இது வழக்கமாக எப்படி ஆகும் என்று தெரியும். என்ஜின் நிற்கும், பிள்ளை மூன்று தரம் ‘என்னால் முடியும்’ என்று கத்தும், சபை கைதட்டும், என்ஜின் ஓடும். மூன்று தரம் கத்தினால் முறிந்த இரும்பு ஒட்டாது. பிள்ளை நாளைக்குத் தன் முச்சில்லுச் சைக்கிளின் செயின் கழன்றால், அதன் பக்கத்தில் நின்று கத்திப் பார்க்கும். எட்வேர்டின் துணிச்சல் கம்பி கழன்ற பிறகு தொடங்குகிறது: பாதிப் பிடிமானத்தோடு, நனைந்த ஏற்றத்தில், பாரத்தை இழுக்கச் சம்மதித்ததில். அந்தப் பாதி எப்படிப் போனது என்று காட்டாவிட்டால் துணிச்சலும் தெரியாது.

எட்வேர்டுக்கு முன்னால் நாலு சிறு சக்கரம், பின்னால் நாலு பெரிய சக்கரம். பெரிய சக்கரங்கள் இரண்டு அச்சில் இருக்கின்றன. நீராவியின் தள்ளல் நேரே ஓர் அச்சுக்குத்தான் போகிறது. அந்தத் தள்ளலைக் கொடுக்கும் சிலிண்டர்கள் சட்டத்துக்கு உள்ளே, வெளியே தெரியாது. வெளியே ஏறி இறங்கும் கம்பிதான் சைட் றொட். அது முதல் அச்சின் சுழற்சியை மற்ற அச்சுக்குக் கொண்டுபோகிறது. கம்பியைச் சக்கரத்தோடு பிடிக்கிற முளைதான் கிராங்க் பின். திருகோணமலைக்கு வரும் டீசல் என்ஜினில் இந்தக் கம்பி கிடையாது. அச்சுகளை உள்ளிருக்கும் மின்மோட்டார்கள் சுழற்றும். ஆகவே பிள்ளைகள் சைட் றொட்டைக் கண்டிருக்கமாட்டார்கள். காட்டத்தான் வேண்டும்.

வழுக்குவது ஏன்? காய்ந்த தண்டவாளத்தில், ஓட்டும் சக்கரங்களின் மேல் நிற்கிற பாரத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இழுவையாக மாறும். ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். கொட்டும் மழையைவிடத் தூறல் மோசம், ஏனென்றால் அது பிசுக்கைக் கழுவாமல் குழைத்துவிடும். சக்கரம் சும்மா சுழலத் தொடங்கினால் சாரதி நீராவியைக் குறைத்து, சக்கரம் நின்ற பிறகு பிடிமானத்துக்குத் தண்டவாளத்தில் மணல் விட்டு, மெதுவாகத் திரும்பவும் திறக்க வேண்டும். வேகமாகச் சுழல்கிற சக்கரத்துக்கு மணல் விட்டால் அது சட்டென்று பிடிக்கும். முளை முறிவதும் கம்பி வளைவதும் பெரும்பாலும் அந்த நொடியில்தான்.

இனிக் கம்பி. ஒரு பக்கம் முறிந்தால் மற்றப் பக்கத்தையும் ஏன் கழற்ற வேண்டும் என்று பிள்ளை கேட்கும். இதற்கு ஒரு பலகை போதும். காகித மட்டையை இரண்டு படையாக ஒட்டி (வரிகள் குறுக்கும் நெடுக்குமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் துளை கிழியும்) 20 சென்ரிமீற்றர் விட்டத்தில் இரண்டு சக்கரம் வெட்டுங்கள். நடுத்துளைகளுக்கு இடையே 26 சென்ரிமீற்றர் விட்டுப் பலகையில் போல்ட்டால் பொருத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்திலும் நடுவிலிருந்து 6 சென்ரிமீற்றர் தள்ளி முளைக்கான துளை. கம்பிக்கு மெல்லிய மரச்சட்டம். துளைக்குத் துளை அதே 26. இதில் அரைச் சென்ரிமீற்றர் பிசகினாலும் சக்கரம் பாதிச் சுற்றில் இறுகி நிற்கும். ‘சுற்றுதில்லை ரீச்சர்’ என்று வருகிற முறைப்பாட்டில் முக்கால்வாசி இந்தப் பிசகால் வருவது. நட்டை முழுக்க முறுக்கவும் வேண்டாம். மட்டைக்கும் நட்டுக்கும் நடுவே ஒரு வாஷர் போட்டு, காகிதத் தடிப்பளவு இடைவெளி விடுங்கள்.

முதல் சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். இரண்டாவதும் கூடவே சுற்றும். இரண்டு முளையும் நடுத்துளைகளோடு ஒரே கோட்டில் வரும் இடத்தில் ஒரு கணம் நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள். சில தரம் இரண்டாவது சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும். பிள்ளைகள் சிரிப்பார்கள், விடுங்கள். எந்தப் பக்கம் போவதென்று அந்த ஒற்றைக் கம்பிக்குத் தெரியாத இடம் அது. உண்மையான என்ஜினில் மற்றப் பக்கத்துக் கம்பி கால் சுற்றுத் தள்ளிப் பொருத்தப்பட்டிருப்பதால், ஒன்று தடுமாறும்போது மற்றது வழி காட்டும். ஒன்றை மட்டும் விட்டுவைத்தால் அது தடுமாறி வளைந்து இன்னும் சேதம் செய்யும். ஆகவேதான் இரண்டையும் கழற்றினார்கள். இப்போது ஓர் அச்சுத்தான் இழுக்கிறது. பிடிமானத்துக்கு உதவும் பாரமும் ஏறத்தாழப் பாதி.

மேடையில் கழற்ற, சாவி இல்லாமல் விரலால் திருகக்கூடிய பெரிய நட்டுகளை வாங்குங்கள். எண்ணிக் கொடுங்கள், எண்ணி வாங்குங்கள். நாலு வயதில் சிறு நட்டு நேரே வாய்க்குத்தான் போகும்.

கொக்கி தளர்த்துவது இந்தக் கதையிலேயே கெட்டிக்காரத்தனமான வேலை, ஆனால் அதைத்தான் முதலில் வெட்டுவார்கள். நமது பயணிகள் கோச்சியிலும் இரு பெட்டிக்கு நடுவே திருகுக் கொக்கியும் இரு பக்கம் முட்டுத் தாங்கும் பஃபரும் இருப்பதைப் புகையிரத மேடையில் நின்றே பார்க்கலாம். கொக்கி இறுக்கமாக இருந்தால் எல்லாப் பெட்டியும் ஒரே தரத்தில் அசைய வேண்டும். தளர்ந்திருந்தால் முதல் பெட்டி அசைந்த பிறகு இரண்டாவது, அதன் பிறகு மூன்றாவது. நிற்கிற பாரத்தை அசைக்கத்தான் கூடுதல் பலம் வேண்டும். ஓடுகிறதை இழுக்க அவ்வளவு வேண்டாம்.

வகுப்பில் செய்ய ஐந்து தீப்பெட்டி, நூல், மெல்லிய இறப்பர் வளையம் ஒன்று. பெட்டிகளில் மணல் நிரப்புங்கள். உப்புவெளிக் கரையில் அள்ளிய மணலென்றால் தாச்சியில் போட்டு வறுத்து ஆறவிடுங்கள், ஈரமணல் பெட்டியை ஊறவைத்துவிடும். (என்ஜினுக்கும் இதே பிரச்சினை. காயாத மணல் குழாயை அடைத்துவிடும், ஆகவே உலர்த்தித்தான் நிரப்புவார்கள்.) மேசையில் பத்திரிகைத்தாளை விரித்து ஒட்டுங்கள். முதலில் பெட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டி நூலை இறுக்கிக் கட்டி, வளையத்தைப் பிடித்து மெதுவாக இழுங்கள். வளையம் நீண்டு நீண்டு, பிறகு எல்லாம் சேர்ந்து துள்ளும். அடுத்து, பெட்டிகளுக்கு இடையே 3 சென்ரிமீற்றர் நூல் தொய்யவிட்டு இழுங்கள். பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும், வளையம் முன்னளவு நீளாது. வித்தியாசம் ஒரு விரல் அகலம்தான், அதைப் பெரிதாக்கிச் சொல்லாதீர்கள். அடிமட்டத்தை வைத்துப் பிள்ளைகளையே அளக்கவிடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் இரண்டு முறையும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

சத்தத்துக்கு வருவோம். மழைக்குச் சுளகில் ஒரு சுண்டு அரிசி போட்டுச் சாய்த்தால் போதும். முளை முறிவதற்கு ஒரு காய்ந்த ஓலைமட்டையை ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் முறியுங்கள். வெடி கொளுத்த வேண்டாம். இரும்பு முறியும் சத்தம் வெடிபோல் இராது. இந்த ஊர் மேடைகளில் வெடி வேண்டாம் என்பதற்கு வேறு காரணமும் உண்டு, அது உங்களுக்குத் தெரியும். என்ஜினின் மூச்சுக்கு, ஒரு சுற்றுக்கு நாலு கைதட்டு. வழுக்கும்போது கைதட்டு திடீரென்று படபடவென ஓடி நிற்க வேண்டும். கம்பி கழற்றிய பிறகும் நாலுதான், நொண்டாது. சிலிண்டர் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. தாளம் மெதுவாகுமே தவிர உடையாது. நொண்டுகிற தாளம் போட்டால் பார்க்கப் பாவமாக இருக்கும், ஆனால் பிழை.

முகமூடிக்கு ஒரு வசதி. அந்தக் காலத்துத் தொடர் வரைந்து எடுத்ததல்ல, மாதிரி என்ஜின்களை ஓட்டி எடுத்தது. முகம் அசையாது, கண் மட்டும் அசையும். முகபாவம் மாற வேண்டுமென்றால் முகத்தையே மாற்றுவார்கள். நீங்களும் எட்வேர்டுக்கு மூன்று முகம் செய்து, கண் இருக்கும் இடத்தை மட்டும் பெரிதாக வெட்டிவிடுங்கள். வெட்கக்காரப் பிள்ளையும் பிறகு பயமில்லாமல் நிற்கும். கோர்டனையும் மற்றவற்றையும் வில்லன்களாக்க வேண்டாம். பழசைப் பார்த்து நக்கல் அடிப்பது நம் வீடுகளிலும் நடப்பதுதானே.

எட்வேர்ட் வீரம் காட்டும் இன்னொரு அத்தியாயமும் உண்டு: ஆளில்லாமல் ஓடும் ஜேம்ஸைத் துரத்திப்போய்க் கம்பிக் கயிற்றால் பிடிப்பது. மேடைக்கு அதுதான் விறுவிறுப்பு என்று தோன்றும். ஆனால் அதில் இரண்டு பொடியன்கள் என்ஜினில் ஏறிக் கைபிடிகளை நோண்டுவதால்தான் வினையே ஆரம்பம். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வீடுள்ள பிள்ளைகளுக்கு அதை நடித்துப் பழக்க வேண்டாம்.

கடைசிக் காட்சியில் எட்வேர்டை ஓடவிடாதீர்கள். நடந்து வரட்டும், நாலு கைதட்டுக்கு ஒரு அடி. கழற்றிய கம்பிகளை ஃபயர்மனாக நடிக்கும் பிள்ளை தோளில் சுமந்துகொண்டு பின்னால் வரட்டும்.

இப்படிக்கு,
திருகோணமலையிலிருந்து,
கோச்சி வேலை தெரிந்த சிலர்