பொட்டாஷ் எப்போது வரும்?

மாவட்டத்துக்கு உரம் பங்கிட்டு அனுப்பும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

இந்த வருடமும் மழை வந்துவிட்டது, பயிருக்குச் சாம்பல் சத்து தரும் பொட்டாஷ் உரம் வரவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டால் அடுத்த லோடு என்கிறார்கள். தனியார் கடையில் இருக்கிறது, ஆனால் கூடவே நானோ திரவ உரம் ஒரு பாட்டிலும் வாங்கினால்தான் மூட்டை வெளியே வரும். உங்களுக்குத் தெரியாததா?

எங்களுடையது வானம் பார்த்த பூமி. மண்ணில் ஈரம் நிற்கும்போதே மேலுரம் போட்டால்தான் உண்டு, தை மாதம் வந்து இறங்கும் மூட்டையை வைத்து நான் என்ன செய்ய, திண்ணையில் அடுக்கி அழகு பார்க்கவா?

இலைத்துளைகளைத் திறந்து மூடி, இருக்கிற தண்ணீரைச் செடி சிக்கனமாகச் செலவழிப்பதே பொட்டாஷை வைத்துத்தான். உவர் மண்ணில் அது குறைந்தால் அந்த இடத்தைச் சோடியம் பிடித்துக்கொள்ளும். போன பருவத்தில் என் முண்டு மிளகாயில் அடியிலைகள்தான் முதலில் ஓரம் கருகின, ஏனென்றால் பழைய இலையிலிருந்து சத்தை உருவிச் செடி கொழுந்துக்குக் கொடுத்துவிடும். பயிரைப் பார்க்க வந்த அதிகாரி வரப்பில் நின்றபடியே "உப்புக்காற்று" என்று எழுதிக்கொண்டு போனார். உப்புக்காற்று என்றால் காற்றடிக்கும் பக்கம் கொழுந்தும் சேர்ந்தல்லவா கருகும்? பழத்தில் நிறமும் ஏறவில்லை, களத்தில் காய்ந்ததில் பாதி சோடை. வியாபாரி ஒரு கை அள்ளிப் பார்த்தார், விலையை அவரே சொன்னார், அவ்வளவுதான்.

இதே மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பெருமை பேச எல்லோரும் இருந்தார்கள். கனடாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் கடல் தாண்டி வரத் தெரிந்த பொட்டாஷுக்கு, தூத்துக்குடியிலிருந்து பக்கத்து மாவட்டத்துக்கு மட்டும் வழி தெரியவில்லை போலிருக்கிறது.

சரி, கேட்பதை ஒழுங்காகக் கேட்டுவிடுகிறேன். அடுத்த வருடமாவது புரட்டாசிக்குள், வேறு எதையும் தலையில் கட்டாமல், பொட்டாஷ் கொடுங்கள். சாதாரணப் பொட்டாஷில் கிட்டத்தட்ட பாதி குளோரைடு, ஏற்கெனவே உப்பு ஏறிய நிலத்துக்கு அது நல்லதில்லை. அதனால் கடலை ஒட்டிய ஊர்களுக்குக் குளோரைடு இல்லாத சல்பேட் பொட்டாஷ், விலை கூடுதல்தான், மானியத்தில் தர முடியுமா என்று பாருங்கள். எந்தச் சங்கத்துக்கு எத்தனை மூட்டை, என்றைக்கு வந்தது என்று வாசல் பலகையிலும் எழுதச் சொல்லுங்கள். மழைக்கு முன்பே, ஐயா. தயவுசெய்து மழைக்கு முன்பே.

இப்படிக்கு,
ராமநாதபுரம் கடலோரத்து மிளகாய் விவசாயி