இடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு லிஸ்ட் போட வைங்க: சென்னை மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

கமிஷனர் அவர்களுக்கும் கட்டிட அனுமதி பாக்குற அதிகாரிகளுக்கும் வணக்கம்.

போன வருஷம் மயிலாப்பூர்ல எங்க தாத்தா வீட்டை இடிச்சோம். மெட்ராஸ் டெரஸ் வீடு, கூரைக்குத் தேக்குக் கட்டை வரிசையா போட்டு அது மேல சின்னச் செங்கல்லை குத்துவாட்டுல அடுக்கி சுண்ணாம்புல கட்டினது. பில்டருக்கு அவசரம், இடிக்க வந்தவர் கதவு, நிலையை மட்டும் கழட்டிட்டு மீதியை ஜேசிபி வெச்சு மூணே நாள்ல இறக்கிட்டார், பாதிக் கட்டை நடுவுல முறிஞ்சு கெடந்துச்சு. ரெண்டு வாரம் கழிச்சு, காரைக்குடி பக்கம் பழைய வீட்டைச் சரி பண்ற ஒருத்தர் அதே அளவு கட்டைக்கு அலையறார்னு கேள்விப்பட்டப்ப வயிறு எரிஞ்சுதுங்க.

வாங்க ஆள் இருக்கு. எந்த வீட்டுல என்ன இருக்குன்னு முன்கூட்டியே தெரியறதில்ல, அதான் பிரச்சினை. அதுக்குத்தான், மறுபடி உபயோகமாகுற கட்டை, கதவு எல்லாத்தையும் இடிக்கிறதுக்கு முன்னாடியே லிஸ்ட் போடணும்னு கேக்குறேன்.

இப்ப போன்லயே சுத்தி சுத்தி போட்டோ எடுத்தா முப்பரிமாண மாடல் பண்ற சாஃப்ட்வேர் இருக்கு, பெரிய கட்டிடம்னா லேசர் ஸ்கேன். எத்தனை கட்டை, எவ்வளவு நீளம்னு அதுலயே அளவெடுத்துடலாம். எதை முதல்ல கழட்டணும்னும் நாள்வாரியா போடலாம், மேல இருக்கிற ஓடு, ஜல்லி, செங்கல் பாரத்தை இறக்காம கட்டையில கை வெச்சா வேலை செய்றவங்க தலையிலதான் விழும். ஆனா உளுத்த கட்டை ஸ்கேன்ல தெரியாது, மேஸ்திரி தட்டிப் பாத்துச் சொல்லணும், அதையும் அந்த லிஸ்ட்லயே ஏத்தணும்.

2026 ஏப்ரல்ல அமலுக்கு வந்த மத்திய அரசோட கட்டிடக் கழிவு விதிகள்ல முக்கியமான பொறுப்பெல்லாம் 20,000 சதுர மீட்டருக்கு மேல உள்ள ப்ராஜெக்ட்டுக்குத்தான். ரெண்டு கிரவுண்ட் வீடு அதுல வரவே வராது. அமெரிக்காவுல போர்ட்லண்ட் நகரம் 2016லயே 1916 வரைக்கும் கட்டின வீடுகளை இடிக்காம பிரிச்சுத்தான் எடுக்கணும்னு சட்டம் போட்டுச்சு, அப்புறம் அதை 1940 வரைக்கும் நீட்டினாங்க. அங்கயும் சாதாரண மரவீடுங்கதான்.

அதனால இடிக்க அனுமதி கேக்குறப்பவே இந்த லிஸ்ட்டையும் வாங்கி, எல்லாரும் பாக்குற மாதிரி 30 நாள் ஆன்லைன்ல போடுங்க. புது பிளான் அப்ரூவல் ஆகுற அதே நேரத்துல இதுவும் ஓடட்டும், பில்டருக்கும் நாள் வீணாகாது.

எங்க தெருவுல இன்னும் ரெண்டு வீடு காலி பண்ணி பூட்டிக் கெடக்கு. அதுல ஆரம்பிக்கிறதா இருந்தா சொல்லுங்க, அளவெடுக்க நானே வர்றேன்.