எரிந்த வீட்டை முந்தின நாளுக்குத் திருப்பியவர்கள்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

இங்கே இங்கிலாந்தில் எல்லோரும் நலம். குளிர் இன்னும் விட்டபாடில்லை, ஆனாலும் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். உங்கள் மூட்டுவலிக்கு அந்தத் தைலத்தை விடாமல் தேயுங்கள், பெரியம்மா திட்டுகிறார் என்று கேள்வி.

போனில் கேட்டீர்களே, "நீ வேலை பார்க்கிற அந்தப் பழைய பங்களாவை இடித்துத் தள்ளிவிட்டுப் புதுசாகக் கட்டினால் பாதிச் செலவில் முடியுமே, அவர்களுக்குக் கணக்குத் தெரியாதா?" என்று. போனில் சொல்லி மாளாது, எரிந்துபோன ஒரு வீட்டின் கதையையும் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். முதல் விஷயம், இடிக்க விடமாட்டார்கள். 1947-இல் ஒரு சட்டம் வந்து, முக்கியமான கட்டடங்களையெல்லாம் ஒரு பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அதில் உங்கள் வீடு இருந்தால் ஜன்னலை மாற்றக்கூட நகராட்சியிடம் மனுப் போட வேண்டும், வீடு உங்கள் பெயரில் இருந்தாலும்தான். அப்புறம் வௌவால். சிரிக்காதீர்கள், இந்த நாட்டில் வௌவாலுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அது தங்கும் கூரையைத் தொட வேண்டுமானால் தனி உரிமம் எடுக்க வேண்டும், சில மாதங்களில் அதுவும் கிடைக்காது.

அந்தச் சட்டம் வருவதற்கு முன்னும், வந்த பிறகு கொஞ்ச காலமும், இஷ்டத்துக்கு இடித்திருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டில் மட்டும் ஆயிரத்துக்கு மேல் பெரிய வீடுகள் போய்விட்டன. 1870-களில் அமெரிக்கத் தானியம் மலிவாக வந்து இறங்கியதும் இங்கே நிலக் குத்தகை படுத்துவிட்டது, அந்த வருமானத்தை நம்பித்தான் இந்த வீடுகள் எல்லாம் நின்றன. அப்பா செத்தால் மகன் கட்ட வேண்டிய சொத்து வரி ஏறிக்கொண்டே போனது. முதல் உலகப் போரில் வாரிசுகளே செத்தார்கள், வேலைக்காரர்கள் ஆலைகளுக்குப் போனார்கள், இரண்டாம் போரில் ராணுவம் வந்து குடியிருந்து வீட்டைப் பாழாக்கிவிட்டுப் போனது. மிச்சமிருந்ததில் கூரை ஈயத்தையும் மாடிப்படியையும் கழற்றி விற்றுவிட்டுச் சுவரை இடித்தார்கள். 1974-இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இப்படிப் போன வீடுகளைப் பற்றி ஒரு கண்காட்சி வைத்த பிறகுதான் ஊருக்கு உறைத்ததாகச் சொல்வார்கள்.

(இந்த மாதிரி வீடுகளில் நம் பக்கத்துக் காசும் கொஞ்சம் உண்டு, தெரியுமா? சென்னைக் கோட்டைக்கு கவர்னராக இருந்த தாமஸ் பிட், அங்கே வாங்கிய ஒரு பெரிய வைரத்தை 1717-இல் பிரெஞ்சு அரசப் பிரதிநிதிக்கு விற்று, அந்தப் பணத்தில் கார்ன்வாலில் போகானக் என்ற எஸ்டேட்டை வாங்கினார். அது இன்னும் இருக்கிறது.)

சரி, நான் சொல்ல வந்தது அப்பார்க் என்ற வீட்டைப் பற்றி. மேற்கு சசெக்ஸில் ஒரு குன்றின் உச்சியில், 1690 வாக்கில் செங்கல்லில் கட்டியது. பார்க்க அப்படி ஒன்றும் அரண்மனை மாதிரி இருக்காது, அளவான வீடுதான். 1747-இல் ஃபெதர்ஸ்டன்ஹா என்ற குடும்பம் வாங்கி உள்ளே எல்லாவற்றையும் அலங்கரித்தது. அந்த வீட்டு மகன் சர் ஹாரி ஊதாரி, இளம் வயதில் ஆடாத ஆட்டமில்லை. எழுபது வயதுக்கு மேல், 1825-இல், தன் பால்பண்ணையில் வேலை பார்த்த மேரி ஆன் புல்லக் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அவளுக்கு அப்போது இருபதுதான் இருக்கும். ஊரே சிரித்தது. ஆனால் 1846-இல் அவர் இறந்து சொத்து இவளிடம் வந்தபோது அவள் எதையும் மாற்றவில்லை. ஒரு நாற்காலியை, ஒரு திரைச்சீலையைக்கூட. விக்டோரியா காலத்துப் பணக்காரர்கள் எல்லோரும் பழசைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது நாகரிகத்துக்கு மாறிக்கொண்டிருந்தபோது, அவர் வைத்தது வைத்தபடி இருக்கட்டும் என்று இந்த வீடு அப்படியே இருந்தது. அவளுக்குப் பின் அவள் தங்கையும் அப்படித்தான். அந்தத் தங்கை காலத்தில் வீட்டு நிர்வாகம் பார்த்த அம்மாவின் பையன்தான் பின்னால் பெரிய எழுத்தாளராக வந்த எச். ஜி. வெல்ஸ்.

இருபதாம் நூற்றாண்டில் வந்த லேடி மீட்-ஃபெதர்ஸ்டன்ஹா இன்னும் ஒரு படி மேல். இற்றுப் போன பட்டுத் திரைச்சீலைகளைக் குப்பையில் போடாமல், நுரை வரும் ஒரு செடியை வளர்த்து, அதைக் கொதிக்க வைத்த தண்ணீரில் அலசி, நூல் நூலாகச் சேர்த்துத் தைத்தார். பெரியம்மா பட்டுப்புடவைக்குப் பூந்திக்கொட்டை போடுகிற கைப்பக்குவமேதான். 1954-இல் வீட்டை நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையிடம் கொடுத்தார்கள். 1895-இல் தொடங்கிய அமைப்பு, இங்கே இந்த மாதிரி வீடுகள் பலவும் இப்போது அவர்களிடம்தான்.

30 ஆகஸ்ட் 1989. கூரையில் பழுதுபார்க்கும் வேலை முடியும் தறுவாயில் இருந்தது, சாரம்கூட இன்னும் பிரிக்கவில்லை. ஈயத்தகட்டைப் பற்றவைத்தவர்களின் கேஸ் டார்ச்சிலிருந்து மரத்தில் நெருப்புப் பிடித்துவிட்டது. கீழே மக்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூரையும் மேல்மாடியும் இடிந்து விழுந்தன. ஆனால் நெருப்பு மேலிருந்து கீழே இறங்கியதால் தரைத்தளத்துக்குக் கொஞ்சம் நேரம் கிடைத்தது. ஊழியர்கள், குடும்பத்தார், தீயணைப்பு வீரர்கள் எல்லோரும் வரிசையாக நின்று படம், நாற்காலி, கம்பளம் என்று கைமாற்றி வெளியே கடத்தினார்கள். சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தையே கிழித்து எடுத்து வந்திருக்கிறார்கள். 1730-களில் செய்த ஒரு பெரிய பொம்மை வீடு, உள்ளே சின்னச் சின்ன வெள்ளிப் பாத்திரம், கட்டில் எல்லாம் வைத்தது, அதுவும் தப்பியது.

இதற்கு மேல்தான் உங்களுக்குப் பிடித்த பகுதி. விழுந்த குப்பையை லாரியில் அள்ளிப் போடவில்லை. அகழ்வாய்வு செய்கிற மாதிரி கட்டம் போட்டு, எந்த அறையில் எந்த மூலை என்று குறித்து, சலித்துச் சலித்து ஏறக்குறைய 4,000 குப்பைத்தொட்டிகளில் எடுத்து வைத்தார்கள். கருகிய மரச்செதுக்கலில் ஒரு இலை, சுதையில் ஒரு பூவிதழ், கதவுப் பிடி, எல்லாம் அதில். எதுவரை மீட்பது என்று கேள்வி வந்தபோது, 1747-க்கும் போக வேண்டாம், புத்தம் புதுசாகவும் வேண்டாம், தீப்பிடித்ததற்கு முந்தின நாள் எப்படி இருந்ததோ அப்படி என்று முடிவு செய்தார்கள். வெளுத்த சிவப்புக் காகிதம் வெளுத்தபடியே இருக்க வேண்டும், புதுத் துண்டு அதற்கு ஒத்துப்போகிற அளவு மங்க வேண்டும்! பைத்தியக்காரத்தனம் என்று அப்போதே பலர் எழுதினார்கள்.

உட்கூரையில்தான் மாட்டிக்கொண்டார்கள். அந்தப் பூவேலை எல்லாம் அச்சில் வார்த்ததல்ல, நம் கோபுரத்துச் சுதை மாதிரி கையால் அங்கேயே பிடித்தது. அதற்குள் இந்த நாட்டுக் கொத்தனார்கள் எல்லாரும் ஜிப்சத்தை அச்சில் ஊற்றி ஒட்டப் பழகிவிட்டார்கள், சுண்ணாம்பைக் கையில் பிடித்து உருவம் கொண்டுவருகிற ஆட்கள் அநேகமாக இல்லை. எத்தனை நாள் ஊறிய சுண்ணாம்பு, எவ்வளவு ஆட்டுமுடி, எப்போது கரணை வைத்தால் நிற்கும், எப்போது சரியும் என்று முதலிலிருந்து முயன்று முயன்று கற்றார்கள். 1995-இல் வீடு திறந்தது. ஏறக்குறைய 2 கோடி பவுண்டு, பெரும்பாலும் காப்பீட்டுப் பணம். நடுவில் 1992-இல் விண்ட்சர் அரண்மனை வேறு தீப்பிடித்ததே, அங்கேயும் இந்த அனுபவம் கைகொடுத்தது.

நான் போய்ப் பார்த்தேன். சுவரோரம் மரச்சட்டத்தில் பழசும் புதுசும் சேர்கிற கோடு ஒன்றைக் கண்டுபிடிக்கவே வெகுநேரம் குனிந்து நின்றேன், காவலுக்கு இருந்த பாட்டி என்ன தொலைத்தாய் என்று கேட்கும்வரை.

இப்போது எதிர்க்கதை. சர்ரேயில் கிளாண்டன் பார்க், 1720-களில் லியோனி என்ற இத்தாலியர் கட்டியது. ஏப்ரல் 2015-இல் அடித்தளத்து மின்பலகையில் கோளாறாகி எரிந்தது. கீழிருந்து மேலே ஏறிய நெருப்பு, ஒரு அறையைத் தவிர மற்றதெல்லாம் போயிற்று. அதே அறக்கட்டளைதான். முதலில் முக்கிய அறைகளை மீட்போம் என்றார்கள், 2022-இல் மனம் மாறி, பெரும்பகுதியை எரிந்த கூடாகவே பாதுகாத்துக் காட்டப்போவதாக அறிவித்தார்கள். பெரிய சண்டை. அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு: எஞ்சியது குறைவு, நகல்தான் செய்ய முடியும். தவிர, பூச்சு உதிர்ந்த சுவரில் செங்கல் வளைவு, மரச்செருகல், மாற்றிக் கட்டிய வாசல் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. நீங்கள் வந்தால் அப்பார்க்கைவிட அங்கேதான் நாள் முழுக்க நிற்பீர்கள், தெரியும்.

ஆனால் என் கட்சி அப்பார்க்தான். நான் இங்கே சம்பளம் வாங்கும் சுண்ணாம்பு வேலையே அந்த மாதிரிப் பிடிவாதத்தால் பிழைத்தது. இப்போது என் பாடு பெரும்பாலும் முந்தைய தலைமுறை வைத்த சிமென்ட்டைச் சுரண்டுவதுதான். பழைய செங்கல் மிருது, சுண்ணாம்புச் சாந்து வழியாக ஈரம் வெளியேறும். நடுவில் யாரோ புத்திசாலி மூட்டெல்லாம் சிமென்ட்டால் பூச, ஈரம் செங்கல்லுக்குள்ளேயே தங்கி, பனியில் உறைந்து, செங்கல்லின் முகப்பு தோல் தோலாக உரிகிறது. சின்ன உளியால், செங்கல் ஓரம் உடையாமல் ஒவ்வொரு மூட்டாகக் கொத்தி எடுத்து, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பை அழுத்தி, நனைத்த சாக்கைத் தொங்கவிட வேண்டும். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போனால் வேலை நிற்கும். அதனால்தான் குளிர்காலத்தில் கூரைக்குள்ளே மர வேலைக்கு என்னை அனுப்பிவிடுகிறார்கள்.

ஒரு உதவி. எங்கள் மேஸ்திரி, அறுபது வயதுக்காரர், நம் ஊர்ச் சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீர் சேர்ப்பதைப் பற்றி நான் சொன்னதிலிருந்து விடமாட்டேன் என்கிறார். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு எவ்வளவு கடுக்காய், எத்தனை நாள் ஊறல், கருப்பட்டி எப்போது சேர்ப்பது, எல்லாம் உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். கண்ணளவு என்று எழுதாதீர்கள், அவருக்குக் கிராம் கணக்கில் வேண்டும். இந்த மாதப் பணம் அப்பா கணக்கில் போட்டுவிட்டேன், அதில் உங்கள் கண் ஆபரேஷனுக்கும் சேர்த்திருக்கிறது, தள்ளிப்போடாமல் மருத்துவமனையில் நாள் வாங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்