சைடிங் மணல் வாங்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

சைடிங்கில், அதாவது ஆலைக்குள் போகும் தனி ரயில் பாதையில், சக்கரம் வழுக்காமலிருக்க இன்ஜின் பெட்டியிலிருந்து தண்டவாளத்தில் தூவுவதற்கு நீங்கள் வாங்குவது எங்கள் மணல். அது ஈரம், அதனால்தான் தூறலில் இன்ஜின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது என்று ஓர் ஆடியோ ஒரு வாரமாகச் சுற்றுகிறது. அந்த இன்ஜினின் மணல் பெட்டியை நேரில் பார்த்தோம். மூடி ரப்பர் வெடித்திருந்தது. வெடிப்புக்கு நேர் கீழே மட்டும் மணல் அடையாகக் கட்டியிருந்தது, ஓரத்தில் உதிரிதான். மூட்டையே ஈரமென்றால் பெட்டி முழுக்க அல்லவா கட்டியிருக்கும்? சந்தேகமிருந்தால் ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிவிட்டு விரியுங்கள். ரவை மாதிரி சரிந்தால் சரி. பிடி கொழுக்கட்டை மாதிரி விரல் தடத்தோடு நின்றால் திருப்பி அனுப்புங்கள், மறுபேச்சில்லை.

கொட்டுகிற மழையைவிட முதல் தூறல்தான் மோசம். பெருமழை தண்டவாளத்தைக் கழுவிவிடும். தூறலோ துருவையும் எண்ணெயையும் குழைத்துப் பசையாக்கிவிடும். 100 டன் இன்ஜின் காய்ந்த தண்டவாளத்தில் சுமார் 30 டன் விசையோடு இழுக்கும். பசை படிந்தால் 10 டன்னே கஷ்டம். பிரேக்குக்கும் அதே பிடிதான். வேகன்களுக்குப் பிரேக் காற்றுக் குழாய் மாட்டாமல் 1000 டன்னை ஷண்டிங் செய்தால் (முன்னும் பின்னும் நகர்த்தினால்), நிறுத்துவது இன்ஜின் சக்கரம் மட்டுமே. சமதளத்தில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் 33 மீட்டரில் நிற்க வேண்டியது 100 மீட்டர் வரை போகும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சக்கரம் வழுக்கிச் சுற்றும்போது மணல் போடாதீர்கள். முதலில் நாட்ச்சை (இன்ஜின் விசைப் படியை) குறைத்து, சுற்றல் நின்றதும் மணலைத் திறந்து, மெல்ல ஏற்றுங்கள். சுற்றுகிற சக்கரம் சட்டென்று பிடித்தால் அடி பல்சக்கரத்துக்கு. குழாய் முனை சக்கரமும் தண்டவாளமும் தொடும் இடத்தைப் பார்த்திருக்க வேண்டும். நாலு விரல் விலகினாலும் மணல் ஜல்லிக்குத்தான் போகும். பாயின்ட்ஸ் (தடம் பிரியும் இடம்) மேல் மணல் வேண்டாம், அங்கே நகரும் நாக்குத் தண்டவாளம் முழுதாக ஒட்டாது.

மணலை வறுத்துக் காயவைக்கும் விறகும் லாரி வாடகையும் ஏறிவிட்டதால் அடுத்த லோடிலிருந்து மூட்டை 45 கிலோ. விலை பழைய 50 கிலோ விலையே.

ஆடியோ வந்த பிறகும் ஆர்டரை நிறுத்தாத உங்களுக்கு மனமார்ந்த நன்றி. ஐப்பசி மழைக்குள் மூடி ரப்பரைப் பாருங்கள். வெடித்திருந்தால் அளவை மட்டும் சொல்லுங்கள். மணல் லோடோடு வெட்டி அனுப்புகிறோம், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
மணல் களத்தார்,
சூரமங்கலம், சேலம்