குறுக்கிடாமல் கேட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

ஆறு வாரங்கள் நடந்த நம் கதைப் பகிர்வு வட்டத்தின் நிறைவு நாளில் நன்றியுரை ஆற்றும் பொறுப்பை என்னிடம் தந்தீர்கள். எழுந்து நின்றதும் தொண்டை அடைத்துக்கொண்டதால் இரண்டு வாக்கியங்களோடு உட்கார்ந்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

வட்டத்தை நெறிப்படுத்திய அம்மையாருக்கு முதல் நன்றி. ஒருவருக்குப் பத்து நிமிடம், குறுக்கே பேசக் கூடாது, அறிவுரை கூடாது, மனமில்லாதவர் தம் முறையைக் கடந்துவிடலாம், கேட்டதை அனுமதியின்றி வெளியே சொல்லக் கூடாது என்று அவர் வகுத்த விதிகள் முதலில் எனக்கு வெறும் கெடுபிடியாகவே பட்டன.

மூன்றாம் வாரம் ஒரு சகோதரி பேசினார். (அவர் இசைவு பெற்றே இதை எழுதுகிறேன்.) தாம் பேசும் விதத்தை உடன் படித்தவர்கள் சாப்பாட்டு மேசையில் நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள் என்றும், தாமும் சேர்ந்து சிரித்துவிட்டு, பிறகு பசியில்லை என்று தட்டோடு எழுந்துவிடுவது வழக்கம் என்றும் சொன்னார். 'விளையாட்டுக்குத்தானே செய்திருப்பார்கள்' என்பது என் நாக்கு நுனிவரை வந்தது. விதி இருந்ததால் விழுங்கினேன். விழுங்கிய பிறகுதான், விடுதியில் என் அறைத்தோழனின் பேச்சை அப்படியே நடித்துக் காட்டிக் கைதட்டல் வாங்கியவன் நான் என்பது நினைவுக்கு வந்தது. எனக்கு நேர்ந்த அவமதிப்புகளை நான்கு பக்கம் எழுதி வைத்திருந்த நான், அடுத்த வாரம் அந்தத் தாள்களைப் பையிலேயே விட்டுவிட்டு இதைச் சொன்னேன். அந்தச் சகோதரி 'பரவாயில்லை' என்று சொல்லவில்லை. தண்ணீர்க் குவளையை மட்டும் என் பக்கம் நகர்த்தி வைத்தார். இரண்டுக்கும் அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

சைகை மொழியில் பேசிய இருவருக்குக் குரல் தந்த மொழிபெயர்ப்பாளர், 'அவர் சொல்கிறார்' என்று ஒருமுறைகூடச் சொல்லாமல், 'நான்' என்றே பேசினார். நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளை விசாரித்த தென்னாப்பிரிக்காவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 1996 ஏப்ரலில் பொது விசாரணைகளைத் தொடங்கியபோது, சாட்சிகளின் துயரத்தை இப்படி 'நான்' என்றே மொழிபெயர்த்தவர்கள் அதன் பாரத்தைத் தாங்களும் சுமந்ததாகப் பின்னர் கூறியிருக்கிறார்கள். நம் அமர்வுகள் முடிந்ததும் நம் மொழிபெயர்ப்பாளர் வாசலில் தனியே நின்றிருந்ததைக் கண்டும், போய் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்துவிட்டேன். அவருக்கு நன்றியோடு என் வருத்தத்தையும் தெரிவிக்கிறேன்.

அதே ஆணையத்தில் பாதிக்கப்பட்டவர்களாக வாக்குமூலம் தந்த சுமார் 21,000 பேரில் பொது அமர்வில் பேசியவர்கள் ஏறத்தாழ 2,000 பேர்தாம். நம் வட்டத்திலும் இறுதிவரை தம் முறையைக் கடத்திவிட்ட மூவர் இருந்தார்கள். அவர்கள் ஆறு வாரமும் தவறாமல் வந்து உட்கார்ந்ததை நான் குறைவாக மதிப்பிடவில்லை. தம் தமையனை இன்னும் மன்னிக்க இயலவில்லை என்று வெளிப்படையாகச் சொன்ன பெரியவருக்கும் என் வணக்கம். இணக்கம் என்ற பேச்சை நாம் கொஞ்சம் அவசரமாகவே எடுத்துவிடுகிறோம் என்று அன்று தோன்றியது. அவரை யாரும் வற்புறுத்தாதது எனக்கு நிறைவளித்தது.

குறித்த நேரம் கடந்தும் விளக்கை அணைக்காமல் காத்திருந்த அரங்கக் காவலருக்கும், நாற்காலிகளை ஒவ்வொரு முறையும் வட்டமாகப் போட்டுத் தந்த இளைஞர்களுக்கும் என் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
வட்டத்தில் ஒருவன்