ஞாயிறு காலை கடற்கரைச் சாலையில் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

எங்களோடு நடப்பவர்களுக்கும், கூட நடக்காமலேயே எங்களை நடக்க வைப்பவர்களுக்கும் வணக்கம்.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நம் ஞாயிறு நடை ஓட்டக் குழு இன்னொரு வருடத்தைத் தாண்டியிருக்கிறது. கட்டணம் கிடையாது, பனியன் கிடையாது, பதக்கமும் கிடையாது. காந்தி சிலை அருகே கூடி, டூப்ளே சிலைப் பக்கம் போய்த் திரும்பி, சாலையின் மறுமுனையையும் தொட்டு வருகிறோம். இப்படி இரண்டு சுற்று வந்தால் 5 கிலோமீட்டரை ஒட்டி வரும். முடிந்தவர் ஓடலாம், மற்றவர் நடக்கலாம். கட்டைச்சுவரில் உட்கார்ந்து கடலைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களும் குழுவில் உண்டு. அவர்களையும் வருகைக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறோம்.

மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை அந்தச் சாலையில் வண்டிகள் வராது. அந்த ஏற்பாடு இல்லையென்றால் இந்தக் குழுவே இல்லை. விடிகாலையில் தடுப்புக்கட்டை பக்கத்தில் நின்று, "சார், அஞ்சு நிமிஷம்தான்" என்று கெஞ்சும் பைக்குகளைத் திருப்பி அனுப்பும் காவலர்களுக்கு முதல் நன்றி. நாங்கள் வருவதற்கு முன்பே சனிக்கிழமைக் கூட்டம் போட்டுவிட்டுப் போன சுண்டல் காகிதங்களைக் கூட்டி முடித்துவிடும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் அதே நன்றி. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஊரில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தங்கள் வீட்டுக்குள் தண்ணீர் நின்றபோதும் ஊர்த் தெருக்களைச் சுத்தம் செய்யக் கிளம்பியவர்கள் அவர்கள். நாங்கள் மறுபடி நடக்க வந்தபோது சாலை தயாராக இருந்தது. யாரும் கைதட்டவில்லை. இப்போதாவது தட்டிவிடுகிறோம்.

அப்புறம், எங்கள் கடைசி ஆள். 2004இல் லண்டனில் புஷி பூங்காவில் 13 பேர் ஓடித் தொடங்கியதுதான் இன்றைய 'பார்க்ரன்' என்ற வாராந்தர இலவச ஓட்டம். அங்கே எல்லோருக்கும் பின்னால் ஒரு தொண்டர் நடந்து வருவார். அதனால் பங்கேற்பவர் யாரும் கடைசியாக வருவதில்லை. நல்ல யோசனை என்று அப்படியே எடுத்துக்கொண்டோம். இங்கே அந்த வேலையைச் செய்பவர் ஏ.எஃப்.டி. துணி மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் ஐயா. அவர் நினைத்தால் எங்களில் பாதிப் பேரை முந்திவிடுவார். ஆனால் முழங்கால் வலிக்காரர்களோடு, அவர்கள் நிற்கும்போது நின்று, மில் கதை பேசிக்கொண்டே வருகிறார். கதைக்காகவே வேண்டுமென்று மெதுவாக நடக்கும் இரண்டு அக்காக்கள் யாரென்று எங்களுக்குத் தெரியும். ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கதைகள் தீராமல் இருக்கட்டும்.

தண்ணீர் கேன் கொண்டுவந்தவர்கள், விசில் வாங்கித் தந்தவர், எல்லோருக்கும் நன்றி.

கடைசியாக, போன மாதம் நடந்த ஒரு விஷயம். குழுவில் ஒருவர் சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றில் நடக்க வந்துவிட்டார். இரண்டாம் சுற்றில் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். மாரடைப்பு என்று நாங்கள் பதறினோம். அந்தப் பக்கமாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு நர்ஸ் அம்மாதான் பார்த்ததுமே, "சர்க்கரை இறங்கிடுச்சு, நினைவு இருக்கு, குடிக்கக் கொடுங்க" என்றார். டீக்கடை அண்ணன் தண்ணீரில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். கால் மணி நேரத்தில் அவர் தெளிந்ததும், அந்த அம்மா தன் டிபனைத் திறந்து இட்லியைச் சாப்பிட வைத்துவிட்டுத்தான் கிளம்பினார். ஆட்டோக்கார தம்பி அவரை ஆஸ்பத்திரியில் காட்டி, வீடுவரை கொண்டுபோய் விட்டார்.

2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நீரிழிவு ஆய்வில் கோவாவுக்கு அடுத்தபடியாக அதிக பாதிப்பு நம் புதுச்சேரியில்தான், 26.3 சதவீதம். நாலு பேர் சேர்ந்து நடந்தால் ஒருவருக்கு இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அதனால் இப்போது குழுவின் பையில் குளுக்கோஸ் பொட்டலம் வைத்திருக்கிறோம். மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் நடைக்கு முன் என்ன சாப்பிடலாம் என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

அன்று சர்க்கரை இறங்கியவர் இப்போது நலம், நடைக்கும் வருகிறார். நர்ஸ் அம்மா அவசரத்தில் பெயர்கூடச் சொல்லவில்லை. அவரைத் தெரிந்தவர்கள் இதைக் காட்டுங்கள்: நன்றி அம்மா, உங்கள் டிபன் டப்பா எங்களிடம்தான் இருக்கிறது. எந்த ஞாயிறு வேண்டுமானாலும் காந்தி சிலைப் பக்கம் வாருங்கள், காலியாகத் தர மாட்டோம்.

அன்புடன்,
ஞாயிறு நடை ஓட்டக் குழுவினர்
புதுச்சேரி