13 வயதில் கோப்பை, 17 வயதில் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அக்கம்பக்கத்துப் பள்ளிகள் மோதும் குறுவட்டப் போட்டி நெருங்கினால் வடசென்னைப் பள்ளிகளில் அணித் தேர்வு ஒரே மாதிரிதான் நடக்கிறது. மாணவர்களை வரிசையில் நிறுத்தி, மீசை அரும்பிய, தோள் விரிந்த பையன்களை முதலில் இழுத்துக்கொள்கிறோம். 14 வயதுக்குட்பட்டோர் கோப்பையும் வந்துவிடுகிறது. அந்தப் பையன்களில் பலர் 17 வயதில் மைதானத்துப் பக்கமே வருவதில்லை. குட்டையாக இருப்பதால் ஒதுக்கப்படுகிறவனுக்காகப் பரிந்து பேசச் சிலராவது இருக்கிறார்கள். சீக்கிரம் வளர்ந்தவன் இழப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பையன்கள் மடமடவென்று உயரும் காலம் சராசரியாக 14 வயதை ஒட்டி வரும். பெண் பிள்ளைகளுக்கு 12. அந்த உச்ச ஆண்டில் ஒரு பையன் 9, 10 செ.மீ. கூட வளர்வான். ஆனால் ஒருவனுக்கு 12 வயதிலேயே வந்துவிடும், இன்னொருவனுக்கு 16 ஆகும். எட்டாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் இருக்கும் இருவருக்குள் உடல் வயதில் நான்கு ஆண்டு இடைவெளி இருக்கலாம்.

சீக்கிரம் வளர்ந்தவனுக்கு அந்த இரண்டு மூன்று ஆண்டுகள் எதையும் கற்க அவசியமே வராது. வியாசர்பாடி, புளியந்தோப்புக் கால்பந்தில் பந்தை முன்னால் தட்டிவிட்டு ஓடினாலே எதிராளியைத் தாண்டிவிடுவான். இடது காலைப் பழக்க மாட்டான். பந்து வருமுன் தலையைத் தூக்கிப் பார்க்கும் வழக்கமும் வராது. 16 வயதில் மற்றவர்கள் உயரத்தில் எட்டிப் பிடிக்கும்போது அவனிடம் மிஞ்சுவது ஒன்றுமில்லை. குண்டு எறிதலில் இது இன்னும் அப்பட்டம். கை பலத்தாலேயே தள்ளிப் பதக்கம் வாங்கியவனுக்கு, 18 வயதுக்குட்பட்டோர் பிரிவில் 5 கிலோ, 20 வயதுக்குட்பட்டோரில் 6 கிலோ, பெரியவர்களில் 7.26 கிலோ என்று குண்டு கனமாகிக்கொண்டே போகும்போது, காலிலிருந்தும் இடுப்பிலிருந்தும் விசை எடுக்கத் தெரியாது. செர்பியாவில் 14 வயதுக் கால்பந்துச் சிறுவர்கள் 48 பேரின் எலும்பு வயதை, அதாவது எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்து, எட்டு ஆண்டு கழித்துக் கணக்கெடுத்தார்கள். உயர்மட்ட ஆட்டத்தை எட்டியவர்களில் தாமதமாக வளர்ந்தவர்களே அதிகம்.

இதைக் கண்டுகொள்ளப் பெரிய கருவி வேண்டாம். சுவரில் ஒட்டிய அளவுகோல், தட்டையான ஒரு பலகை போதும். செருப்பைக் கழற்றி, குதிகாலும் முதுகும் சுவரில் பட நிற்க வைத்து, இரண்டு முறை அளந்து சராசரி எழுத வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எப்போதும் காலையிலேயே அளக்க வேண்டும். மாலைக்குள் உயரம் ஏறக்குறைய 1 செ.மீ. குறைந்துவிடும். பிறகு பெற்றோர் உயரத்தைச் செ.மீ. கணக்கில் கேளுங்கள். இரண்டையும் கூட்டி, பையனென்றால் 13 சேர்த்து, பெண்ணென்றால் 13 கழித்து, இரண்டால் வகுத்தால் பிள்ளை எட்டக்கூடிய உயரம் உத்தேசமாகக் கிடைக்கும். அப்பா 168, அம்மா 152 என்றால் மகனுக்கு 166.5 செ.மீ. அவன் இப்போதே 158 இருந்தால் 95 விழுக்காடு வளர்ந்து முடித்தவன். அதே கணக்குள்ள இன்னொருவன் 142 என்றால் 85 விழுக்காடுதான்; அவன் வளர்ச்சியே இனிமேல்தான். இந்தக் கணக்கு 8 செ.மீ. வரை முன்பின் போகும் என்பதால், இதை மட்டும் வைத்து யாரையும் தேர்வு செய்யவோ நீக்கவோ கூடாது.

மூன்று மாதத்தில் 2 செ.மீ.க்கு மேல் கூடினால் உடனே பயிற்சியை மாற்ற வேண்டும். எலும்பு முந்தி நீள்கிறது, தசையும், தசையை எலும்போடு இணைக்கும் நாணும் பின்தங்கி எலும்பை இழுக்கின்றன. முழங்காலுக்குக் கீழே புடைப்பும் குதிகால் வலியும் வருவது இதனால்தான். எண்ணெய் போட்டு அழுத்தி உருவுவதும், ஸ்ப்ரே அடித்து மறுபடி இறக்கிவிடுவதும் தவறு. தாவலையும் வேக ஓட்டத்தையும் பாதியாகக் குறைத்து, பந்துக் கட்டுப்பாடு, சமநிலைப் பயிற்சி கொடுக்கலாம். வலி நொண்ட வைத்தாலோ இரவிலும் இருந்தாலோ எலும்பு மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் நாம் செய்யும் தவறு கொடியது. வயதுக்கு வந்தபின் இடுப்பு அகன்று எடை கூடும். ஓட்ட நேரம் ஓராண்டு, இரண்டாண்டு முன்னேறாமல் நிற்கலாம். அது இயல்பான தேக்கம். அதைச் சோம்பல் என்று திட்டி, சோற்றைக் குறைக்கச் சொன்னால் மாதவிலக்கு நின்று எலும்பு பலமிழக்கலாம், கீறல் முறிவு (எலும்பில் மெல்லிய விரிசல்) வரலாம். வேண்டியது வயிறாரச் சாப்பாடும், முழங்கால் உள்நோக்கி மடங்காமல் தரையிறங்கும் பயிற்சியும், மைதானத்தில் கதவு பூட்டும் ஓர் உடைமாற்றும் அறையும்தான்.

வயது மோசடியைப் பிடிக்க கிரிக்கெட் வாரியமும் கால்பந்து சம்மேளனமும் மணிக்கட்டு எக்ஸ்ரே எடுக்கின்றன. அது காட்டுவது எலும்பின் முதிர்ச்சியை. பிறந்த தேதியை அல்ல. சரியான பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் பையனும் சீக்கிரம் வளர்ந்த ஒரே காரணத்தால் வெளியே தள்ளப்படலாம். அவனை ஏமாற்றுக்காரன் என்று யாரும் முத்திரை குத்தக் கூடாது.

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கிளப்களின் சிறுவர் அணிகள், எட்டக்கூடிய உயரத்தில் 85 முதல் 90 விழுக்காடு வளர்ந்தவர்களை மட்டும் ஒன்றாகச் சேர்த்து ஆட்டங்கள் நடத்திப் பார்த்திருக்கின்றன. சீக்கிரம் வளர்ந்தவர்கள், வழக்கத்தைவிடக் கடினமாக இருந்தது, யோசித்து விரைவாகப் பாஸ் கொடுக்க வேண்டியிருந்தது என்றார்கள். கண்ணப்பர் திடலிலோ முல்லை நகரிலோ மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படி ஆடவிட ஒரு ரூபாய் செலவில்லை. மற்ற நாட்களில் வளர்ந்தவனை ஒரு பிரிவு மேலே உள்ள அண்ணன்களோடு பயிற்சிக்கு விடலாம். மாநகராட்சிப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்கள் இந்தப் பருவத்திலேயே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு உயரம் எழுதத் தொடங்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியே கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியர்கள் சிலர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 81